சாத்தி மட்டும் வைத்த கதவு

புஸ்ஸென்று ஒரு சத்தம். பஸ் நின்று கதவு திறக்கும்போது காற்று பீறிடுமே, கிட்டத்தட்ட அதுதான், ஆனால் இதில் ஈரம் இருந்தது, பெரிய நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து புறப்பட்டு வருகிற கரகரப்பு இருந்தது. கோமதி பால் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினாள். இங்கே எங்கிருந்து பஸ் வரும்? காட்டேஜுக்கு ஏறுகிற பாதையில் காலையில் அவர்கள் வந்த கார் திரும்புவதற்கே நாலு தரம் முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. ஏரிக்கரை ரோடு கீழே, மரங்களுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறது. குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுத்தாள். ஒன்றுமில்லை. கட்டிலில் கிடந்த முகிலா தன் கால் கட்டைவிரலை வாய்க்குள் கொண்டுபோகப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தாள். எட்டு மாதப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய வேலை உலகத்தில் இல்லை. மணி ஏழுகூட ஆகவில்லை. தென்காசியில் என்றால் கடைவீதி இப்போதுதான் களைகட்டும். கொடைக்கானலில் ஆறரைக்கே யாரோ கரியைக் கரைத்து ஜன்னலில் ஊற்றியதுபோல் ஆகிவிட்டது, கண்ணாடிக்கு வெளியே தன் முகத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. பயத்தோடு ஒருத்தி இப்படிச் சிரிப்பாளா என்று அதைப் பார்த்து அவளே கேட்டுக்கொண்டாள். பயம்தான். ஆனால் காலையிலிருந்து உடம்புக்குள் ஏதோ ஒன்று துள்ளிக்கொண்டே இருக்கிறது, பயம் வந்தாலும் அதுவும் சேர்ந்து துள்ளுகிறது, இரண்டையும் பிரிக்க முடியவில்லை. கணவன் குற்றாலநாதன் இட்லி வாங்கப் போய் இருபது நிமிஷம் ஆகிவிட்டது. “பத்தே நிமிஷம். கீழ திருப்பத்துல ஒரு மெஸ் பாத்தோம்லா, அங்கன வாங்கிட்டு ஓடி வந்துருதேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னவர், வாசலில் நின்று ஒரு தரம் பிள்ளையைப் பார்த்தார், ஒரு தரம் அவளைப் பார்த்தார், ஒரு தரம் கதவின் உள்பக்கத்தில் இருந்த தாழ்ப்பாளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருப்பார். இரண்டு படி இறங்கிப் போனவர் திரும்பி, “சாத்தி மட்டும் வச்சிக்கோ கோமு” என்றார். சரி என்று தலையாட்டினாள். அவர் போனதும் கதவைச் சாத்தினாள், சாத்திவிட்டுத் திரும்பினாள், திரும்பியபோதுதான் அது உறைத்தது: இந்த ஆறரை மாதத்தில் முதல் தடவையாக அவளும் பிள்ளையும் மட்டும் ஒரு அறையில். அத்தை இல்லை. கொழுந்தன் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறமாதிரி பார்த்துக்கொண்டிருக்கவில்லை. யாருமே இல்லை. பிள்ளையைத் தூக்கி அறை முழுக்க மூன்று சுற்றுச் சுற்றினாள். முகிலா கெக்கேயென்று சிரித்து அவள் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

கதவுதான் சொன்னபடி கேட்கவில்லை. சாத்தினால் ஒரு நிமிஷம் ஒழுங்காக நிற்கும், பிறகு யாரோ சுண்டுவிரலால் தள்ளுவதுபோல் ஒரு கோடு திறக்கும், அந்தக் கோடு வழியாகக் குளிர் வந்து கணுக்காலைத் தொடும். மலையின் ஈரத்தில் மரம் ஊதிக் கதவு நிலையில் உட்கார மாட்டேன் என்கிறது. தாழ்ப்பாள் போட்டால்தான் நிற்கும் என்று கட்டியவன் நினைத்திருப்பான், கட்டியவனுக்கு அவள் கதை தெரியாது. மறுபடியும் போய்ச் சாத்தினாள். பெட்டியை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். உடனே மனசு கணக்கு வாத்தியார் மாதிரி கேட்டது: பெட்டியை வைப்பது தாழ்ப்பாள் போடுவதில் சேருமா, சேராதா? தாழ்ப்பாள் என்றால் இரும்பு. பெட்டி என்றால் துணி. வெளியிலிருந்து தள்ளினால் பெட்டி நகரும், தாழ்ப்பாள் நகராது. அதனால் சேராது. ஆனால் தள்ளினால் நகருமென்றால் வைத்து என்ன பிரயோஜனம்? பெட்டிக்குச் சக்கரம் வேறு இருந்தது. அவள் யோசித்து முடிப்பதற்குள் அதுவே மெல்ல உருண்டு வந்து கட்டில் காலில் இடித்து நின்றது, கதவு மறுபடி ஒரு கோடு திறந்தது, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைச் சொன்னால் அவர் சிரிப்பாரா? இன்றைக்குச் சிரித்த மனுஷர் சிரிப்பார். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. மத்தியானம் ஏரியில், படகில் அவள் துடுப்பைக் கேட்டபோது முதலில் அவர் முகம் வெளிறியது உண்மைதான். படகுக்காரர் வயதானவர், காதுவரை மூடிய கம்பளித் தொப்பி, “அம்மா போடுறதுன்னா போடட்டும் சார், கவுந்தாலும் மெதக்குற சட்டை போட்டிருக்கீங்கள்ல” என்று இரண்டு துடுப்பையும் அவள் பக்கம் நீட்டிவிட்டார். முகிலாவுக்கு மாட்டிய மிதவைச் சட்டை அவளைவிடப் பெரிது, அதற்குள்ளிருந்து ஆமைமாதிரி தலையை மட்டும் நீட்டி அப்பா மடியில் உட்கார்ந்திருந்தாள். துடுப்பு இவ்வளவு கனக்கும் என்று கோமதிக்குத் தெரியாது. வலது கை ஒரு பக்கம் இழுத்தது, இடது கை வேறொரு பக்கம் இழுத்தது, படகு நின்ற இடத்திலேயே ஆட்டுரலில் குழவி சுற்றுவதுபோல் சுற்றியது. “ஊரு சுத்திப் பாக்கத்தான வந்தோம், சுத்துட்டி, நல்லாச் சுத்து” என்று அவர் சொன்னார், சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார், கல்யாணமான புதிதில் சிரிப்பாரே அந்தச் சிரிப்பு. “ரெண்டும் ஒண்ணா எறங்கணும்மா, ஒண்ணா ஏறணும், தண்ணிய அடிக்காதீங்க, தள்ளுங்க” என்றார் படகுக்காரர். தள்ளினாள். ஒரு தடவை, இரண்டு தடவை, பத்தாவது தடவையில் படகு ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு நேராகப் போயிற்று. நேராக! தண்ணீர் படகின் அடியில் சளசளவென்று பேசியது. ஏரி ஒரே வட்டமில்லை, விரல்களைப்போல் ஐந்தாறு கிளை, ஒரு கிளைக்குள் திரும்பினால் ரோட்டில் போகிற சைக்கிள் மணிகளும் குதிரைக் குளம்பும் அப்படியே அணைந்துபோய், பைன் மரங்கள் தலைகீழாகத் தண்ணீருக்குள் நின்றன, மேலே மலையிலிருந்து வெள்ளைப் புகையாக மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. முகிலா கையை நீட்டி மஞ்சைப் பிடித்தாள். கையைத் திறந்து பார்த்தாள், காணோம். மறுபடி பிடித்தாள். கோமதி துடுப்பை நிறுத்தவில்லை, உள்ளங்கையில் கொப்புளம் வந்தது, வரட்டும் என்று விட்டாள். கரைக்கு வந்து மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தடவிய சுட்ட சோளத்தைக் கடித்தபோது கொப்புளத்தில் எலுமிச்சை பட்டுச் சுரீரென்றது. அந்தச் சுரீரும்கூட நன்றாக இருந்தது. நாளைக்குச் சைக்கிள் எடுத்து ஏரியைச் சுற்றி வர வேண்டும், மறுநாள் தூண் பாறை, அப்புறம் மறுபடியும் படகு. மூன்று நாள்.

மூன்று நாள். அந்த மூன்று நாளைத்தான் நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தாள், அது பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துவிட்டது. ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவர் சொன்னது: “மூணு நாள் பிள்ள உங்கூடயே படுக்கட்டும். ஒண்ணும் ஆகலன்னா, நான் அம்மாட்ட பேசுதேன். அப்புறம் எப்பவும் உங்கூடதான்.” ஒண்ணும் ஆகலன்னா. அவர் அதைப் பிரியமாகத்தான் சொன்னார், அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் ஒண்ணும் ஆகலன்னா என்கிற அந்த வார்த்தை பல்லில் மாட்டிய சோளத்தோல்மாதிரி, நாக்கு அங்கேயே போய்ப் போய் நிற்கிறது. முகிலா அத்தையின் அறையில் படுக்கத் தொடங்கி ஆறரை மாதம். பால் கொடுக்கும் நேரத்துக்குக் கூப்பிடுவார்கள், கொடுத்து முடித்ததும் வாங்கிக்கொள்வார்கள், பேங்கில் பணம் கட்டுகிறவர்கள்மாதிரி ஒரு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவள். பிள்ளை பிறந்த நாற்பத்து மூன்றாவது நாள் அது. குளியலறையில் துணி நனைக்கக் குழாயைத் திறந்துவிட்டாள். பிள்ளை அழுதது, தரையில் துண்டை நாலாக மடித்து விரித்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தாழ்ப்பாள் போட்டிருந்தாள், குளியலறைக்குப் போனால் யார்தான் போட மாட்டார்கள். குழாய்ச் சத்தம் கேட்டது. அதற்கு அடுத்தது கடப்பாரைச் சத்தம். நடுவில் ஒன்றுமே இல்லை, ஒரு பக்கம் கிழிந்துபோன நோட்டுமாதிரி. கதவு பிளந்து விழுந்தது, கொழுந்தனும் எதிர்வீட்டு ஆசாரியும் நின்றார்கள், அத்தை மாரில் அடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து பிள்ளையை வாரி எடுத்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, துண்டில் தூங்கிக்கொண்டிருந்தது, சத்தத்தில்தான் விழித்தது. எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று. பிள்ளைக்குப் பக்கத்தில் விளிம்புவரை நிறைந்து வழிந்துகொண்டிருந்த வாளி. அதைப் பற்றி அன்றைக்கும் யாரும் பேசவில்லை, இன்றுவரைக்கும் பேசவில்லை. “என்ன செய்யப் பாத்தட்டி?” என்று அத்தை கேட்டாள். கணவனும் ராத்திரி அதையேதான் கேட்டார், மெதுவாக, அழுதுகொண்டே: “என்ன செய்யப் பாத்த கோமு?” இரண்டு மணி நேரம் தட்டினார்களாம், கத்தினார்களாம், அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் எப்படி இருக்கும்? வாளியைப் பார்த்தேனா? பார்த்து ஏதாவது நினைத்தேனா? ராத்திரி படுத்தால் குழாய்ச் சத்தத்திலிருந்து தொடங்கி மெதுவாக, தரையைத் தடவிக்கொண்டு போகிறவள்மாதிரி நினைத்துக்கொண்டே போவாள், அந்தக் கிழிந்த இடம் வந்ததும் கால் வழுக்கி மறுபடி குழாய்ச் சத்தத்துக்கே வந்துவிடுவாள். மறுநாள் அந்த ஆசாரியே வந்து வீட்டில் இருந்த உள்தாழ்ப்பாளையெல்லாம் கழற்றினார். ஒவ்வொரு கதவிலும் நாலு நாலு ஓட்டை. மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தார். அத்தை அவள் வலது கையைப் பிடித்து இழுத்துப் பிள்ளையின் தலையில் வைத்தாள். “இனி எந்தக் கதவையும் உள்ள தாப்பா போட மாட்டேன்னு பிள்ள மேல சத்தியம் பண்ணு.” பண்ணினாள். உச்சிக்குழி உள்ளங்கையில் துடித்தது, தக் தக்கென்று, சத்தியத்தை அதுவே வாங்கிப் போட்டுக்கொள்வதுபோல.

இப்போது வேறொரு சத்தம். பறக். பறக். பறக். துணியைக் கிழிக்கிறார்களா? ஜன்னலுக்குக் கீழே, இல்லை, வாசல்படிக்கு அந்தப் பக்கம். பழைய போர்வையை நிதானமாக, அவசரமே இல்லாமல், ஒருவர் கிழித்துக் கிழித்துப் போடுகிறார். அதே நேரத்தில் மேஜையில் போன் அலறியது, அவர் சார்ஜில் போட்டுவிட்டுப் போன போன். அதனால்தான் அவரைக் கூப்பிடவும் வழியில்லை. அத்தை. எடுக்காமல் விட்டால் வேறுமாதிரி ஆகும். எடுத்தாள்.

“ஏய், குத்தாலம் எங்க?”

“இட்லி வாங்கப் போயிருக்காங்க அத்த. இப்ப வந்துருவாங்க.”

“பிள்ளய ஒத்தையிலயா விட்டுட்டுப் போனான்?”

“ஒத்தையில எங்க, நான் இருக்கேன்லா.”

“அதத்தான் சொல்லுதேன்” என்றாள் அத்தை. “கதவு?”

“சாத்தித்தான் இருக்கு.”

“சாத்தி மட்டும்தான?”

“ஆமா அத்த.”

“பிள்ளைக்குக் குல்லா போட்டியா? மஞ்சு எறங்குத நேரம். சரி, அவன் வந்ததும் போடச் சொல்லு, எனக்குப் படபடன்னு வருது.” அந்தப் படபடப்பு உண்மை என்று கோமதிக்குத் தெரியும், அதுதான் கோபப்படவும் விடுவதில்லை. கெட்டவளாக இருந்தால் எளிது. அன்றைக்கு மாரில் அடித்துக்கொண்டு பாய்ந்தவள் கெட்டவளா? போனை வைத்தாள். பறக். பறக். கதவு ஒரு கோடு திறந்திருந்தது. போய்ச் சாத்தினாள், கையை எடுக்காமல் முதுகைக் கொடுத்து நின்றாள். தாழ்ப்பாள் தோளுக்கு நேராக இருந்தது. பழைய காலத்துப் பித்தளை, சுண்டுவிரல் கனம், கையைத் தூக்கினால் போதும். முதல் முதலாக அவள் தாழ்ப்பாள் போட்டுப் படுத்தது கல்யாணமான ராத்திரிதான் என்று நினைவு வந்தது. அதற்கு முன்னால் பாளையங்கோட்டை கான்வென்டில் ஏழு வருஷம், ஒரே நீள அறையில் நாற்பது கட்டில், எந்தக் கதவுக்கும் உள்ளே கொண்டி கிடையாது. குளியலறையில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனால் சிஸ்டர் பெனிட்டா சாவிக்கொத்தால் தட்டுவாள். ஒன்பதாம் வகுப்பில் இதே கொடைக்கானலுக்கு எஸ்கர்ஷன் கூட்டி வந்தார்கள். இதே ஏரி. கரையில் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் இரண்டு வரிசையாக நிறுத்தி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சிஸ்டர் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நாற்பத்தேழு. படகு ஏறக் கூடாது, ஒரு தலை குறைந்தால் உங்கள் அப்பா அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்றாள். நாற்பத்தேழு பேரும் ஏரியைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினார்கள். அன்றைக்கு ஒரு மஞ்சள் படகில் ஒரு பெண் தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போனாள், யாருடைய எண்ணிக்கையிலும் சேராதவளாக. பன்னிரண்டு வருஷம் அந்தப் பெண்ணை அவள் மறக்கவில்லை. இன்றைக்குக் கரையில் யாராவது பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று என்னைப் பார்த்திருப்பார்களோ? பார்த்திருந்தால், பாருங்கள் பிள்ளைகளே, நன்றாகப் பாருங்கள். சிஸ்டருக்குச் சத்தியம் பண்ணுவதே பிடிக்காது. அம்மா சத்தியமா என்று ஒருத்தி சொல்லிவிட்டால் போதும், செய்த பாவத்தை நோட்டில் எழுதி வரச் சொல்வாள். சிஸ்டர், பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன். பண்ணியது தப்பா, உடைத்தால் தப்பா? உடைத்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகும் என்பதை நான் நம்பக் கூடாது, கான்வென்டில் படித்தவள் நம்பக் கூடாது. ஆனால் உள்ளங்கை நம்புகிறது சிஸ்டர், அந்தத் தக் தக் உள்ளங்கையில் அப்படியே இருக்கிறது, துடுப்புப் போட்டுக் கொப்புளம் வந்த பிறகும் இருக்கிறது.

அப்போது அது மறுபடி மூச்சு விட்டது. புஸ்ஸ்ஸ். இவ்வளவு பக்கத்தில், கதவுப் பலகை முதுகில் அதிர்ந்தது. அடுத்த கணம் கோமதி கட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள், முகிலா அவள் இடுப்பில் இருந்தாள், குல்லாவோடு, போர்வையோடு. எப்படி இங்கே வந்தாள்? கதவிலிருந்து கட்டில்வரை ஆறடி, எப்போது நடந்தாள், எப்போது குனிந்தாள், எப்போது வாரி எடுத்தாள், குல்லாவை எப்போது போட்டாள்? தெரியவில்லை. ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தில் அவள் கைகள் தாமாகவே வேலை செய்திருந்தன. ஒரு கை பிள்ளையின் முதுகைத் தாங்கியிருந்தது, இன்னொரு கை முகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தது, மூச்சு முட்டாதபடி மூக்குக்கு இடம் விட்டு. இதை யார் செய்தது? கோமதி தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இல்லாத நேரத்தில் நான் செய்தது இது. நான் இல்லாத நேரத்தில் நான் இதைத்தான் செய்வேன். அன்றைக்குத் துண்டை நாலாக மடித்தது யார்? தலை இடிக்கக் கூடாது என்று வாளியைத் தள்ளி வைத்துவிட்டுப் படுக்க வைத்தது யார்? தள்ளித்தானே வைத்திருந்தாள், ஒரு முழம் தள்ளி, இதோ இப்போது தெரிகிறது, பக்கத்தில் இல்லை, எல்லோரும் பார்த்ததால் பக்கத்தில் வந்துவிட்ட வாளி. நாற்பத்து மூன்று ராத்திரி தூங்காதவள் குழாய்ச் சத்தத்தில் தூங்கிப்போனாள். அவ்வளவுதான். அவ்வளவுதானா? அவ்வளவேதான்! அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, படகு நேராகப் போனபோது இருந்ததைப்போல நூறு மடங்கு. பிள்ளையை இறுக்கிக்கொண்டு வாசல்பக்கத்து ஜன்னலுக்குப் போய்த் திரையை ஒரு விரலால் விலக்கினாள். வாசல் பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் முதலில் நான்கு வெள்ளைக் கால்கள் தெரிந்தன, முட்டிவரை சுத்தமான வெள்ளை, பள்ளிக்கூடத்துச் சாக்ஸை இழுத்து விட்டாற்போல. அதற்கு மேலே கறுப்பு. கறுப்பு மேலே போய்க்கொண்டே இருந்தது, ஜன்னலைத் தாண்டிப் போயிற்று. திமில் ஒரு சின்னப் பாறை. கொம்பு இரண்டும் உள்நோக்கி வளைந்து பளபளத்தன. அது தலையைத் தாழ்த்திப் புல்லை நாக்கால் சுற்றிப் பிடுங்கியது. பறக். போர்வை கிழிந்தது. காட்டெருமை! இவ்வளவு பக்கத்தில் காட்டெருமை! முகிலா அதைக் கண்டதும் “ஊ” என்று உதட்டைக் குவித்து நீளமாகச் சொன்னாள், பழகினவர்களைக் கூப்பிடுவதுபோல. அது தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தது. ஈரமான, சோம்பலான பெரிய கண். கோமதியால் நகர முடியவில்லை, எவ்வளவு அழகாக இருக்கிறது, எவ்வளவு அழகாக, ஐயோ, எவ்வளவு பெரிதாக.

கீழே டார்ச் வெளிச்சம் ஆடியது. “சார், நில்லுங்க! நில்லுங்க சார், ஏறாதீங்க, காட்டுமாடு நிக்கிது!” காட்டேஜ் வாட்ச்மேன் சவரிமுத்துவின் குரல். உடனே குற்றாலநாதனின் குரல், ஓடி வந்த இரைப்போடு: “கோமு! பிள்ள எங்க?”

“இந்தா, எங்கிட்டதான்!” என்று ஜன்னல் இடுக்கு வழியாகக் கத்தினாள். “நீங்க அங்கனயே நில்லுங்க!”

“வெளிய வந்துராத!”

“நான் ஏன் வாரேன்? எனக்கென்ன பைத்தியமா?” என்றாள், சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர்கள் வீட்டில் ஆறரை மாதமாக யாரும் வாயில் எடுக்காத வார்த்தை என்று நினைவு வந்தது. சொல்லிவிட்டாள், ஒன்றும் இடிந்து விழவில்லை.

சவரிமுத்து கத்தினார்: “அம்மா, மொதல்ல தாப்பாளப் போட்டுக்கங்க! அந்தக் கதவு சும்மா நிக்காது. நான் தகரத்தைத் தட்டி வெரட்டப் போறேன், மெரண்டா எந்தப் பக்கம் பாயும்னு சொல்ல முடியாது!”

“வேண்டாம்!”

கணவன்தான். அந்த ‘வேண்டாம்’ காட்டெருமைக்காகச் சவரிமுத்து கத்தியதைவிடச் சத்தமாக இருந்தது. டார்ச் வெளிச்சம் அவர் முகத்துக்குத் திரும்பியது, ஒரு கையில் இட்லிப் பொட்டலம், ஒரு கை காற்றில். “வேண்டாம்ங்க. சாத்தி இருக்கட்டும், போதும்” என்றார். “என்ன சார் வெளையாடுறீங்க, அது ஆயிரம் கிலோ இருக்கும் சார்” என்றார் சவரிமுத்து. குற்றாலநாதன் குரலைத் தணித்து, கெஞ்சுகிற குரலில், இவ்வளவு இருட்டையும் அந்தக் கறுப்பு மலையையும் தாண்டி அவளுக்கு மட்டும் கேட்க வேண்டும் என்பதுபோல, “கோமு… தாப்பா வேண்டாம், என்ன? நான் இந்தா வந்துருதேன்” என்றார். கோமதிக்குப் புரிந்துவிட்டது. ஆயிரம் கிலோ மாடு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், மனுஷர் இரண்டையும் எடை போட்டுப் பார்த்துவிட்டார். கோபம் வருமென்று காத்திருந்தாள், வரவில்லை. பாவமாக இருந்தது. பனியில் இட்லி ஆறிக்கொண்டிருக்க அங்கே நிற்கிற அந்த மனுஷரைப் பார்க்கத் தாங்க முடியாத பிரியமாகக்கூட இருந்தது. கதவு தன்பாட்டுக்கு மெல்லத் திறந்தது. கோடு இல்லை இந்தத் தடவை, ஒரு சாண். குளிரோடு ஒரு வாடை வந்தது, ஈரத்தோலும் கசங்கிய புல்லும் சாணியும் கலந்த வாடை. வெள்ளைக் கால் ஒன்று வாசல்படியில் ஏறி நின்றது. அவள் பிள்ளையை இடுப்பில் இடம் மாற்றிக்கொண்டு கதவுக்கு நடந்தாள், நடக்கிற ஒவ்வோர் அடியும் அவளுக்குத் தெரிந்தது, ஒன்று, இரண்டு, ஆறு. தோளால் தள்ளிச் சாத்தினாள்.

“கோமு!”

“கேளுங்க” என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினாள். குரல் நடுங்கவில்லை, எங்கிருந்து இவ்வளவு குரல் வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “அன்னிக்கு என்ன செய்யப் பாத்த, என்ன செய்யப் பாத்தன்னுதான் எல்லாரும் கேட்டீங்க. நான் ஒண்ணும் செய்யப் பாக்கல. தூங்கிட்டேன். கேக்குதா? தூங்கிப் போயிட்டேன், அவ்வளவுதான்! இப்ப முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். வெரட்டிட்டு வந்து தட்டுங்க, மொதத் தட்டுக்கே தெறப்பேன்.”

முகிலா கையை நீட்டிப் பித்தளையைத் தொட்டுப் பார்த்தாள், அதன் குளிர்ச்சியில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், பிறகு இன்னொரு தரம் தொட்டாள். கோமதி அந்தச் சின்ன விரல்களை மெதுவாக விலக்கிவிட்டுத் தாழ்ப்பாளைப் பிடித்தாள். துருவில் கொஞ்சம் முரண்டியது. உள்ளங்கைக் கொப்புளம் உடைந்தது. பல்லைக் கடித்து ஒரே தள்ளாகத் தள்ளினாள், வெளியே நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி அது போய் உட்கார்ந்தது.